பட்டியலில் இல்லாத பித்தளை

வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லி சங்கரன்கோவிலில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மோர் வரும். மோரைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்ததும், "எங்க வீட்டுல அப்படி என்னக்கா கிடக்கு? திருடன் வந்தா அவன்தான் பாவம்" என்று பதில் வரும். இதை நம்பி எழுந்து வந்துவிட்டால் இந்தத் தொழிலுக்கு நீங்கள் லாயக்கில்லை. நம்பாமல், "உங்களிடம் நிறைய இருக்கிறதே" என்று வாயை விட்டால் அடுத்த முறை மோர்கூடக் கிடைக்காது. இருப்பதை இருக்கிறது என்று வெளியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் பயம். அதில் பாதி எனக்கும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம் நடந்து செருப்புத் தேய்ந்தவள் நான்.

புதிதாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் வாங்கிய கேடயங்களைப் பற்றி எழுதினால் கொட்டாவி விடுவீர்கள். அதனால் நான் சொதப்பியதை எழுதுகிறேன். அதைத்தான் மனிதர்கள் கவனமாகப் படிப்பார்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் எனக்குப் பட்டியல் சொல்லிக்கொண்டு வந்தார். "மிக்சி ஒண்ணு" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "மூணு" என்றாள். மனிதர் திகைத்துப் போய், "மூணா? எப்ப வந்துச்சுட்டி?" என்று கேட்டார். "ஒண்ணு ஓடுது. ஒண்ணு ரிப்பேரு. ஒண்ணு உங்க தங்கச்சி கண்ணுல படக் கூடாதுன்னு அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அங்கே காப்பீடு பற்றி யாரும் பேசவில்லை. நான் பையைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவே போன் பண்ணிக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு கரண்டி விடாமல் சொன்னாள்.

இவ்வளவு தெரிந்தவள்தான் சுப்பையா அண்ணாச்சி வீட்டில் கோட்டை விட்டேன்.

அண்ணாச்சிக்கு பம்புசெட் உதிரிபாகக் கடை. மனைவி கோமதி. ஒரே மகள் உமா, அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். நான் போனது மாசக் கடைசி நாள். அலுவலகத்தில் சொன்ன எண்ணிக்கைக்கு எனக்கு இன்னும் ஒரு பாலிசி குறைந்தது. அண்ணாச்சி கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார். டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, கட்டில் என்று மளமளவென்று சொன்னார். நான் அதைத் தனித்தாளில் எழுதினேன். "மத்ததெல்லாம் பழைய சாமான்தான்க்கா, நீங்களே பாத்து ஏதாவது போட்டுக்கிடுங்க" என்றார்.

மாடியில் ஏசி இருக்கிறது என்று சொன்னதால் பார்க்கப் போனேன். ஏசி அறைக்கு எதிரே இன்னொரு அறை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே பழைய சேலைகளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். சேலை மூடாத இடங்களில் பித்தளை பளபளத்தது. ஒரு பெரிய அண்டா, அடுக்கடுக்காய்க் குடங்கள், தவலைகள், ஆள் உயரத்துக்குக் குத்துவிளக்கு. பின்னாலேயே படியேறி வந்த கோமதி, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அந்தக் கதவைச் சாத்தினாள். நானும் ஒன்றும் பார்க்காதவள் போல, "ஏசி ஒன்றரை டன்னா?" என்று கேட்டேன்.

அந்தக் கதவு ஏன் சாத்தப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் மகள் உண்டு. என் கட்டிலுக்கு அடியிலும் சருவச்சட்டிகள் இருந்தன. பெண் பிள்ளைக்குச் சீர் சேர்ப்பவர்கள் வரன் அமையும்வரை அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகத் திருவிழாக் கடையில் ஒன்று, பழையதைப் போட்டு மாற்றியது ஒன்று என்று கோமதி சேர்த்த பித்தளை அது. ஒன்றுக்கும் ரசீது கிடையாது. கண்பட்டுவிடும் என்று ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "மதினி, மேலே இருக்கிறதையும் சேர்த்துக்கிடுவோமா?" அவ்வளவுதான். கோமதி கோபித்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஏதாவது சொல்லி, அவர் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் என் மாசக் கணக்கு போயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். நாகரிகம் பார்த்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாகரிகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படிவத்தில் 'பிற வீட்டுச் சாமான்கள்' என்று ஒரு வரி இருக்கும். சமையலறைப் பாத்திரம், துணிமணி, மெத்தை தலையணைக்கு ஆகிற அளவுக்கு ஒரு தொகையை அதில் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் உமாவுக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். அதற்கு முந்தின மாசம் எங்கள் கோவிலின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு வந்தது.

தபசு அன்றைக்கு எங்கள் ஊரில் வீட்டில் ஆள் இருக்காது. தெருவுக்குத் தெரு பந்தல், பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். அண்ணாச்சி குடும்பமும் காலையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு, ரத வீதியில் அவர்கள் போட்டிருந்த மோர்ப்பந்தலுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அம்மன் தபசுக் காட்சி பார்த்துவிட்டு, இருட்டியதும் திரும்பி வந்தால், பின்வாசல் பூட்டு கடப்பாரையால் நெம்பப்பட்டுக் கிடக்கிறது. முன்கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. கீழே ஒரு சாமானும் நகரவில்லை. மாடி அறையில் போர்த்தியிருந்த பழைய சேலைகள் மட்டும் தரையில் கிடந்தன. பித்தளை முழுவதும் போயிருந்தது.

கோமதி அழவில்லை. அந்தச் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாளாம்.

போலீஸ் வந்தது, விசாரித்தது. தெருவில் எல்லாரும் கோவிலுக்குப் போயிருந்ததாகச் சொன்னார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பாக்கியம் மட்டும் அன்றைக்கு முழங்கால் வலி என்று வீட்டோடு இருந்தவள். அவளும் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். அதிலிருந்து நாலு நாளாகக் காய்ச்சல் என்று கதவைத் திறக்கவில்லை.

நஷ்டத்தை மதிப்பிட எங்கள் நிறுவனம் திருநெல்வேலியிலிருந்து ஒரு சர்வேயரை அனுப்பியது. மரியாதையான மனிதர். ஆனால் வந்த உடனே நேராகக் கேட்டுவிட்டார். "இத்தனை பித்தளையைப் பட்டப்பகலில், வீடுகள் நெருக்கமாக இருக்கிற தெருவில், ஒருத்தர் கண்ணிலும் படாமல் எப்படிக் கொண்டு போக முடியும்? பித்தளை இருந்ததற்கு என்ன ஆதாரம்?" ரசீது இல்லை, போட்டோ இல்லை. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. கடையில் அகப்பட்டதையெல்லாம் மண்டபத்துக்கும் நகைக்கும் போட்டிருந்த அண்ணாச்சியால் மறுபடி சீர் வாங்க வழியில்லை. இந்தக் காப்பீடு வந்தால்தான் உண்டு.

சர்வேயர் மாடியைப் பார்க்கப் போயிருந்த நேரம், அண்ணாச்சி என்னைப் பின்வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க எழுதுன சாமான் பட்டியல் எங்கன இருக்கு?"

"என் பையிலதான் இருக்கு அண்ணாச்சி. ஆபீசுக்கு மொத்தத் தொகைதான் போச்சு."

"அடியில இடம் கிடக்குல்லா. பித்தளைப் பாத்திரம்னு ஒரு வரி எழுதிருங்க. உள்ளதத்தான எழுதச் சொல்லுதேன், இல்லாததையா எழுதச் சொல்லுதேன்?"

என்னைப் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். என் கை பைக்குள் போய்விட்டது. முதலில் எனக்குத் தோன்றியது நேர்மை இல்லை. பட்டியல் கறுப்பு மையில் இருக்கிறது, என்னிடம் இருப்பது நீலப் பேனா என்பதுதான் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத் தடங்கலில்தான் புத்தி வந்தது. அந்த வரியை எழுதினால் பொய் என்னோடு நிற்காது. அது சரிதான் என்று சர்வேயர் முன்னால் கோமதியும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு யாராவது நோண்டினால், மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் பொய்க்காரியாக நிற்பாள். பித்தளை போனதும் இல்லாமல் பேரும் போகும்.

இன்னொன்றும் தெரியும். உண்மையைச் சொன்னாலும் லாபமில்லை. பாலிசி எழுதிய அன்றே பித்தளை வீட்டில் இருந்தது என்று நானே ஒத்துக்கொண்டால், இருந்த சாமானுக்குக் குறைவாகத் தொகை போட்டிருக்கிறோம் என்று ஆகிவிடும். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்கு உலை வைத்த கதை. சாப்பிட வருகிறவர்கள் எல்லாருக்கும் அரை வயிறுதான் கிடைக்கும். நஷ்டத்தொகையை அந்த விகிதத்தில் வெட்டுவார்கள்.

"அண்ணாச்சி, நான் எழுத மாட்டேன். ஆனா நான் சொல்லுவேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே சரியாகப் புரியவில்லை. நேரே கூடத்துக்கு வந்துவிட்டேன்.

கூடத்தில் சர்வேயர், கோமதி, விடுப்பில் வந்திருந்த உமா. காய்ச்சல் என்று படுத்திருந்த பாக்கியம் அன்றைக்குத்தான் எழுந்து வந்து எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"சார், இந்தாங்க பட்டியல். இதுல பித்தளை கிடையாது. ஆனா அன்னைக்கே மாடியில பித்தளை இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் கேக்கல. மாசக் கடைசி, பாலிசி கைய விட்டுப் போயிருமோன்னு பயம். தப்பு என் மேலதான். அப்படியே எழுதிக்கிடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். எந்த ஏஜென்ட் இப்படித் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாள்? சர்வேயர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்போது கோமதி பேசினாள்.

"அக்கா மேல மட்டும் போட்டுராதீக சார். அவுக பாத்தத நானும் பாத்தேன். அதான் கதவச் சாத்துனேன். பொம்பளப் பிள்ளைக்குச் சேக்கத வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைச்சேன். இப்பப் பாருங்க, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச டிவியும் பிரிட்ஜும் வச்ச எடத்துல இருக்கு. மறைச்சு வச்சது மட்டுந்தான் போச்சு."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. உமா எழுந்து போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி பின்னால் சடசடவென்று தம்ளர்கள் விழுந்தன. திரும்பிப் பார்த்தால், பாக்கியம் காப்பித் தட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், அந்த அண்டாவ நாந்தான் தூக்கிவிட்டேன்."

பாக்கியம் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்லச் சொல்ல விஷயம் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் வாசலில் ஒரு சுமை ஆட்டோ வந்து நின்றிருக்கிறது. கழுத்தில் மஞ்சள் துண்டு போட்ட மூன்று பேர் வீட்டுக்குள்ளிருந்து முன்வாசல் வழியாகவே பாத்திரங்களைக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார்கள். யார் நீங்கள் என்று பாக்கியம் கேட்டிருக்கிறாள். "அன்னதானத்துக்குப் பாத்திரம் பத்தலயாம், அண்ணாச்சி எடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார்களாம். தபசு அன்றைக்கு எங்கள் ஊரில் எந்த அண்டா எந்த வீட்டிலிருந்து எந்தப் பந்தலுக்குப் போகிறது என்று யார் கேட்பார்கள்? நான் அங்கே நின்றிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

"அதுல ஒருத்தன் நோஞ்சான் சார். அண்டாவ வாசப்படி தாண்ட முடியாம இழுத்துட்டுக் கிடந்தான். ஏலே, அப்படி இழுத்தா நசுங்கிருமேன்னு நான் ஒரு பக்கம் பிடிச்சேன். குத்துவிளக்க வேற விட்டுட்டுப் போகப் பாத்தாங்க. அன்னதானத்துக்கு வெளக்கு வேண்டாமாடான்னு நான்தான் உள்ள அனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னேன்."

அண்ணாச்சி மெல்லிய குரலில் கேட்டார். "வேற ஏதும் செஞ்சியா தாயி?"

"வெயில்ல நிக்காங்களேன்னு மோர் குடுத்தேன் அண்ணாச்சி. ஆளுக்கு ரெண்டு தம்ளர்."

உமாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சர்வேயர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வீட்டுல இன்னும் தப்ப ஒத்துக்கிடாதது அந்தத் திருடனுங்க மட்டுந்தான் போல" என்றார். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

சர்வேயர் மறுபடி பேனாவை எடுத்தார். "அம்மா, என்னென்ன ஏத்துனாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்காதா பின்னே! பாக்கியம் தலையைக் குனிந்தபடியே ஒப்பித்தாள். அண்டா ஒன்று, குடம் ஆறு, தவலை நாலு, குத்துவிளக்கு ஒரு ஜோடி, காது வைத்த உருளி இரண்டு, அதில் ஒன்றில் கழுத்துமாலை போல் விளிம்பு வேலை, பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா. போனது என்னென்ன என்று திருட்டுக்குப் பிறகு கோமதி ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்ததோடு சர்வேயர் ஒத்துப் பார்த்தார். ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எப்படிம்மா இவ்வளவு துல்லியமா?" என்று கேட்டார். "இவகிட்ட இவ்வளவு இருக்கான்னு வாயப் பொளந்து பாத்துட்டு நின்னேன் சார். வயித்தெரிச்சல்தான், வேற என்ன" என்றாள். எந்தக் கண்ணுக்குப் பயந்து கோமதி பன்னிரண்டு வருஷம் சேலை போர்த்தி வைத்தாளோ, அந்தக் கண்தான் சாட்சி சொன்னது. பூட்டு உடைந்தது கண்முன் இருந்தது. பித்தளை இருந்ததற்கும் போனதற்கும் பாக்கியம் மறுநாள் போலீசிலும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

பணம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் வந்தது. நான் பயந்தபடியே வெட்டுப்பட்டுத்தான் வந்தது. போனதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. முழுதும் வராததற்குக் காரணம் என் வாய்தான், பேச வேண்டிய நாளில் பேசாத வாய். அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "பார்த்தேன், கேட்கவில்லை" என்று பதில் எழுதினேன். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. திருடர்கள் பிடிபட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. மஞ்சள் துண்டு போட்ட நோஞ்சானை எங்கேயாவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இருக்கிற பணத்தில் எதை வாங்குவது, எதை விடுவது என்று அண்ணாச்சியும் கோமதியும் இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத ஒருத்தியை நான்தான் கேட்டேன், சூடுபட்ட பூனையாயிற்றே. "உனக்கு என்ன வேணும் மக்கா?" என்றேன். உமா, "அத்த, நாங்க இருக்கப் போறது மூணாவது மாடியில ரெண்டு ரூம். ஆறு குடத்த நான் எங்கன வைக்க? ஒரு நல்ல வாஷிங் மெஷின் போதும்" என்றாள். கோமதி, "சரி, மெஷின் வாங்கிக்கோ. ஆனா அண்டா ஒண்ணு குடுக்காம நான் உன்ன அனுப்ப மாட்டேன்" என்றாள். அண்டாவையும் விளக்கையும் வாசுதேவநல்லூரில் மாமியார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பிள்ளைகளே, காப்பீடு எடுக்கிறவர்களுக்கு எது வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் கேட்கலாம். மூடியிருக்கிற கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் அதிகபட்சம் திட்டுவார்கள். 'பிற வீட்டுச் சாமான்கள்' என்ற அந்த வரியில் கை வைக்கும்போது, எழுந்து நின்று எழுதாதீர்கள். உட்கார்ந்து, வீட்டம்மாவையும் உட்கார வைத்து எழுதுங்கள். தப்பு நடந்துவிட்டால் அடுத்தவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்காவிட்டால் பாக்கியமும் திறந்திருக்க மாட்டாள்.

பாக்கியத்தை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள், அவளைத் தவிர. சாட்சி சொன்ன நாளிலிருந்து அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. தெருப்பிள்ளைகள் வேறு "மோர்க்காரப் பெரியம்மா" என்று கேலி பண்ணினார்கள். கோமதி கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூடத் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் சீர்ச் சாமான்களை எடுத்துப் போக வேன் வந்தது. நானும் அங்கே இருந்தேன். வேனோடு வந்த பையன் அண்டாவை வாசப்படிக்கு மேல் தூக்க முடியாமல் திணறினான். அண்ணாச்சி கை கொடுக்கப் போனார். கோமதி அவரைத் தடுத்துவிட்டு, எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மதினி! ஒரு கை பிடிக்க வாங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கதவு திறக்க நேரமாயிற்று. பாக்கியம் வெளியே வந்து, நின்று, மறுபடி நடந்து, வாசலுக்கு வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். அண்டாவைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், வேனைச் சுற்றி வந்து பின்னாலிருந்த நம்பரையும் பார்த்தாள்.

"யாருலே நீ? உன்ன யாரு அனுப்புனா?"

"மாப்பிளைக்கு சித்தப்பா மகன்" என்று அவன் திருதிருவென்று முழித்துக்கொண்டே சொன்னான். சம்பந்தி வீட்டுப் பிள்ளையை 'லே' போட்டுவிட்டாளே என்று அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. பாக்கியம் அசையவில்லை. "உங்க பெரியம்மா நம்பரச் சொல்லு" என்றாள். அவன் சொல்லச் சொல்ல, அவள் தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மாப்பிள்ளையின் அம்மாவே எடுத்து, ஆமாம் எங்கள் பிள்ளைதான் என்று சொன்ன பிறகு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். இன்னொரு காதைக் கோமதி பிடித்தாள்.